பொரி பிழைத்த மார்கழி

என் மகளின் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் சீராக வந்தது அந்தக் குட்டி. தம்பி அதைச் சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியிருந்தான். விற்றவர் சொன்ன வயது ஐம்பது நாள். சொன்ன ஜாதி 'டீகப் பாம்'. "இதுக்கு மேல வளராது சார், ஃப்ளாட்டுக்கு அம்சமா இருக்கும். பாலும் மேரி பிஸ்கட்டும் குடுங்க, போதும்" என்று சொல்லி, செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் பழைய துணியை விரித்து வைத்துக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளை உடம்பு, கறுத்த மூக்கு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. மகள் அப்போதே பொரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

என் மாமியார் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, புடைத்த வயிற்றையும் அதற்கு மேலே ஒவ்வொன்றாக எண்ணிவிடும்படி துருத்திய விலா எலும்பையும் தடவிப் பார்த்தார். "பால் மறக்காத குட்டிம்மா இது. தாய்கிட்டேருந்து பிடுங்கிட்டு வந்திருக்காங்க" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி அவருடைய முந்தானை நுனியைத் தேடிப் பிடித்துச் சப்பத் தொடங்கியிருந்தது.

அன்று இரவு அது எதையும் தின்னவில்லை. தண்ணீராக இரண்டு முறை போனது. கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது. அது மார்கழி மாதம். விடியலில் தெருமுனைக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை தொடங்கியபோது மகள் என்னை உலுக்கி எழுப்பினாள். "அம்மா, பொரி எழுந்திருக்க மாட்டேங்குது."

பெட்டிக்குள் பக்கவாட்டில் கிடந்தது. கழுத்து பின்பக்கம் வளைந்து விறைத்திருந்தது. முன்கால்கள் தாமாக இழுத்துக்கொண்டிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துப் போயிருந்தது. காது, பாதம், வயிறு, தொட்ட இடமெல்லாம் சில்லென்று இருந்தது.

நான் பாலைச் சூடுபண்ண ஓடினேன். மாமியார் தடுத்தார். "பாலை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல சூடு ஏத்தணும். குளிர்ந்து கிடக்கிற குட்டிக்குப் பால் குடுத்தா தங்காது." ஃபிளானல் துணியால் அதன் முதுகையும் மார்பையும் தேய்க்க ஆரம்பித்தார். மழைக்காலத்தில் பிறந்த வெள்ளாட்டுக் குட்டிகளை அவர் வீட்டில் அப்படித்தான் எழுப்புவார்களாம். நான் கால்நடை மருத்துவரைக் கைபேசியில் பிடித்தேன். தூக்கக் கலக்கம் துளியும் இல்லாமல் பேசினார் அவர். "தேன் இருக்கா? விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. வாயில ஊத்திடாதீங்க, முழுங்கத் தெம்பிருக்காது, நுரையீரலுக்குள்ள போயிடும். துணியில சுத்தி உங்க உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டுக் கிளம்பி வாங்க."

தேனைத் தேய்த்தேன். ஆட்டோவில் போகும் வழியிலேயே இழுப்பு நின்றது. நாக்கு லேசாக வெளியே வந்து உதட்டை நக்கியது. அது நக்கியதைப் பார்த்தபோது எனக்கு வந்த அழுகை இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அந்த மருத்துவர் வேப்பேரியில் படித்தவர். 1903 முதல் நடக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அது. காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார். தேன் கொடுத்த பிறகும் 34 மில்லிகிராம். நாய்களுக்கு 60-க்குக் கீழே போனாலே ஆபத்துதான். குளுக்கோஸ் ஏற்ற முன்காலில் நரம்பு தேடினார்கள். ஊசி ஏறும் அளவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தொடை எலும்பின் மேல்முனையில் ஊசியைச் செலுத்தி, எலும்பு மஜ்ஜை வழியாக ஏற்றினார். மிகச் சிறிய குட்டிகளுக்கு அப்படிச் செய்வதுண்டாம். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குட்டி ஒரே ஒரு தடவை கீச்சென்றது. "கத்துதே, அது நல்லது" என்றார் மருத்துவர்.

ஏன் இப்படி ஆனது என்று அவர் விளக்கியதைக் கூடியவரை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை முன்பே யாராவது எழுதி நான் படித்திருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். உணவிலிருந்து வரும் சர்க்கரையைக் கல்லீரலும் தசைகளும் சேமித்து வைக்கின்றன. லாப்ரடார் குட்டிக்குக் கல்லீரலும் பெரிது, சதையும் உண்டு. ஒரு வேளை பட்டினி கிடந்தாலும் சேமிப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கும். பாமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரிச் சின்ன ஜாதிக் குட்டிகளுக்கு அந்தச் சேமிப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மூளை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது. அது ஓயாமல் சர்க்கரையைக் கேட்கும். உடம்பு சிறிதாக இருப்பதால் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறிவிடும். குளிர்ந்த உடம்பு இருக்கிற சர்க்கரையையும் எரிக்கும். இதோடு வயிற்றுப்போக்கும் பூச்சியும் சேர்ந்தால் சில மணி நேரப் பட்டினியே போதும், தள்ளாடி, நடுங்கி, வலிப்பில் கொண்டுபோய் விடும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவே நின்றுவிடும் என்றும், அப்போது பால் புகட்டினால் அது செரிக்காமல் தேங்கி மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போகும் என்றும் சொன்னார். மாமியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவர். அவர் சொன்னதும் மருத்துவர் சொன்னதும் ஒன்றுதான்.

பிறகு வாயைத் திறந்து விளக்கடித்துக் காட்டினார். கோரைப்பல் நான்கும் ஊசிமுனை அளவுக்கு வெளியே வந்திருந்தன. முன்பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. கடைவாயில் ஒன்றுமே இல்லை. "ஐம்பது நாளா? எட்டு வாரத்துக்குள்ள பால்பல் இருபத்தெட்டும் வந்துடணும். சின்ன ஜாதிக்குக் கொஞ்சம் தாமதமாகும்னு வச்சுக்கிட்டாலும் இது நாலு வாரத்தைத் தாண்டி ஒண்ணு ரெண்டு நாள்தான் ஆகியிருக்கும்" என்றார். எடை 390 கிராம். இந்த வயதில் அதன் இடம் தாயின் மடி.

பார்வோ பரிசோதனையும் செய்தார்கள். அந்த வைரஸை உலகம் அறிந்தது 1978 வாக்கில்தான். ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிட்டது. குடலின் உட்சுவரையும் எலும்பு மஜ்ஜையையும் ஒருசேரத் தாக்கும். ரத்தமாகப் போகும். தடுப்பூசி போடாத குட்டிக்கு வந்து சிகிச்சையும் தாமதமானால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் அடைத்து விற்கும் சந்தையில் அது பரவ எல்லா வசதியும் உண்டு. சோதனைப் பட்டையில் இரண்டாவது கோடு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்ற நிமிடங்கள் நீளமானவை. வரவில்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் இது உங்கள் கையில்தான் பிழைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

பழைய டிவி அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் 40 வாட் குண்டு பல்பைக் கம்பிக் கூடைக்குள் எரியவிட்டோம். மறு பாதியை இருட்டாக விட்டோம், சூடு அதிகமானால் அது தானே நகர்ந்து போவதற்காக. பசும்பால் கூடாது என்றுவிட்டார். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கு மேல், பால்சர்க்கரை குறைவு. பசும்பாலைக் குடித்தால் வயிறு உப்பிப் போக்கு எடுக்கும், பசியும் அடங்காது. நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடரை வெந்நீரில் கரைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, ஊசி நீக்கிய சிரிஞ்சில் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையை ஏந்துவதுபோல் மல்லாத்தி வைக்கக் கூடாது. அது தாயின் அடியில் குடிக்கிற நிலையிலேயே, வயிறு கீழே இருக்க, தலை சற்றே தூக்கியிருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக, அது நக்கி விழுங்கும் வேகத்துக்குத்தான் நம் விரல் அழுத்த வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை.

இரவு இரண்டு மணி முறையை மாமியார் எடுத்துக்கொண்டார். அவருக்கு நீரிழிவு, அந்த நேரத்துக்கு எப்படியும் எழுந்துவிடுவார். பொரி கொஞ்சம் சோர்ந்தாலும் தன் குளுக்கோமீட்டரை எடுத்துவரச் சொல்வார். மனிதர்களுக்கான மீட்டர் நாய்க்குச் சற்றுக் குறைத்தே காட்டும், அதை மட்டும் நம்பாதீர்கள், ஈறின் நிறத்தையும் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். மாமியார் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உதட்டை மெல்ல மடித்துப் பார்ப்பார். "ஒண்ணு, ரெண்டு... ம், வந்துடுச்சு" என்று அவர் இருட்டில் எண்ணும் குரல் என் அறைக்குக் கேட்கும். அதன்பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.

உண்ணிப் பவுடர், சொட்டு மருந்து எதுவும் அந்த வயதில் ஆகாது. ஆனால் ரோமத்துக்குள் தெள்ளுப்பூச்சி மொய்த்தது. ஈறு வெளுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 390 கிராம் குட்டியின் உடம்பில் ரத்தமே கொஞ்சம்தான், அதைத் தெள்ளும் குடித்தால் என்ன மிஞ்சும்? மகள் தன் பேன்சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கழுத்திலிருந்து வால்வரை ஒவ்வொரு இழுப்பாக வாரி, சோப்பு கரைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் சீப்பைத் தட்டுவாள். வெள்ளைக் கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கும். சீப்பில் ஒட்டிய அழுக்கை ஈரப் பஞ்சில் தேய்த்தால் சிவப்பாகக் கரையும். தெள்ளின் எச்சம் அது, குட்டியின் ரத்தம். பஞ்சில் அந்தச் சிவப்பு வராத நாள்வரை அவள் விடவில்லை. பூச்சி மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் துளிக்கணக்கில் கொடுத்தார். மறுநாள் வெந்த சேமியாபோல் உருளைப் புழுக்கள் வெளியே வந்தன. தாயின் உடம்பில் உறங்கும் இந்தப் புழுவின் இளம் பருவம், குட்டி கருவில் இருக்கும்போதே அதற்குள் போய்விடுகிறது. அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரமே பூச்சி மருந்து தொடங்க வேண்டும் என்கிறார்கள். பொரிக்கு யார் தொடங்கியிருப்பார்கள்?

எடையைத் தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார். கிராம் காட்டும் தராசு எங்கள் வீட்டில் இல்லை. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். கடைக்குள் ஓரமாக வைத்திருந்த பழைய எலெக்ட்ரானிக் தராசைத் துடைத்து, "குட்டி தேறுற வரைக்கும் வச்சுக்கிடுங்க" என்று கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் தயிர் வாங்கப் போனாலும் கருவேப்பிலை வாங்கப் போனாலும் முதல் கேள்வி "இன்னைக்கு எம்புட்டு?" என்பதுதான். 396 என்றால் தலையாட்டுவார். 410 என்றபோது பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம், "டீச்சர் வீட்டு நாய்க்குட்டி நானூறைத் தாண்டிட்டுல்லா" என்றார். நடுவில் ஒரு நாள் 391-க்கு இறங்கியது, பேதி திரும்பியிருந்தது. அன்று அவர் ஒன்றும் கேட்காமல், நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

அந்த இறக்கத்தில்தான் நான் தம்பியிடம் விற்றவரின் எண்ணை வாங்கிப் பேசினேன். கோபித்துக்கொள்ளவில்லை. தாய்க்கு என்ன தடுப்பூசி போட்டார்கள், உடன்பிறந்த குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் சிகிச்சைக்கு உதவும் என்று மருத்துவர் கேட்டிருந்தார். மறுமுனையில் அந்த மனிதர் மிக மரியாதையாகப் பேசினார். அந்த ஈற்றில் மற்ற மூன்றும் போய்விட்டதாகச் சொன்னார். தாய் யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. குட்டிகள் கைமாறித்தான் அவரிடம் வந்தன. பிறகு, உதவுகிற குரலில், "கவலைப்படாதீங்க மேடம். அது போயிடுச்சுன்னா பெட்டியோட கொண்டாங்க, வேற குட்டி மாத்தித் தர்றேன்" என்றார்.

நான் கைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கொடூரமானவர் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய தொழிலில் நான்கில் மூன்று சாவது கணக்கில் எழுதப்பட்ட விஷயம். பால் மறக்கத் தொடங்கும் நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரைதான் வளர்ப்பவருக்குச் செலவு: குட்டிகளுக்குத் தனிச் சாப்பாடு, பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி. அந்தச் செலவு வருவதற்கு முன்பே விற்றுவிட்டால் லாபம். தவிர, குட்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விலை. வயதைக் கூட்டிச் சொன்னால், வெறும் பச்சைக்குட்டியாக இருப்பது 'டீகப்' ஆகிவிடுகிறது. அப்படி ஒரு ஜாதியை எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் ஏற்றுக்கொண்டதில்லை. பாமரேனியன் என்று நம் ஊரில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். வளர்ந்தால் முழங்கால் உயரம் வரும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பதிவெண் எது என்று தம்பி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

எனக்கு அந்தத் தாயின் நினைப்புதான் அதிகம் வந்தது. எங்கோ ஒரு கூண்டில், மடி கட்டிக்கொண்டு, நான்கு குட்டிகளையும் தேடி முகர்ந்திருக்கும். முதல் நாள் சீம்பாலில் அது கொடுத்த எதிர்ப்புச் சக்தியால்தான் பொரி அந்தச் சந்தைக் கூண்டிலிருந்து பார்வோ இல்லாமல் தப்பியிருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சக்தி வாரத்துக்கு வாரம் குறையும். போதிய அளவு குறையாதவரை தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

பேதி நின்றது. பால்பவுடரோடு, வேகவைத்துத் தோல் நீக்கி மிக்சியில் அரைத்த கோழிக்கறியைச் சேர்த்தோம். தை பிறந்தபோது பொரி தட்டைத் தேடித் தானே நடந்து வந்தது. பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, மறுபடி வந்தது. பொங்கலன்று காலை எடை 720 கிராம். மகள் அந்த எண்ணைச் சொல்லக் கடைக்கு ஓடினாள். அண்ணாச்சி தராசைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "கெடக்கட்டும், கிலோ ஆகட்டும்" என்றுவிட்டார்.

இப்போது பொரிக்கு ஆறு வயது. ஐந்தரைக் கிலோ. டீகப்பில் அடங்காது. விழாத பால்பற்கள் சிலவற்றை மருத்துவர் எடுக்க வேண்டியிருந்தது. புது ஆட்களைக் கண்டால் நடுங்கும். கூடப் பிறந்தவற்றோடு கடித்துப் புரண்டு கற்க வேண்டியதை அது கற்கவே இல்லை. தூங்கப் போகும்போது ஏதாவது துணியின் நுனி வாயில் இருந்தாக வேண்டும். பெரும்பாலும் மாமியாரின் புடவை. அவரும் அந்தப் பக்கத்து முந்தானையை அதற்கென்றே விட்டுவைத்திருக்கிறார்.

நம் தெருக்களிலேயே வீடு தேடும் குட்டிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து வளர்ப்பவர்களை வணங்குகிறேன். இல்லை, இன்ன ஜாதிதான் வேண்டும், விலைக்குத்தான் வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: தாயைக் காட்டச் சொல்லுங்கள். பதிவெண்ணைக் கேளுங்கள். வாயைத் திறந்து கடைவாய்ப் பல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தாயைக் காட்ட மாட்டேன் என்றால், குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்பே திரும்பி வந்துவிடுங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு குட்டி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், இன்று இரவு அதைப் பட்டினியாகத் தூங்கவிடாதீர்கள். தேன் பாட்டிலைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். விடிந்ததும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.